நீ விரித்துவிட்டுப் போன புல்

தம்பி,

நேற்றுக் காலை உன் செய்தி வந்தது. "அம்மா, கமரா வேலை செய்யேல்ல. புல்லு எப்பிடி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். புல்லைப் பார்க்க நீ பூட்டிவிட்டுப் போன கமராவைக் கழற்றியது நான்தான். கதிரை போட்டு ஏறி, வயரை இழுத்தெடுத்து, பழைய துணியில் சுற்றி உன் அறை அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். புல் செத்துவிட்டது. சுகம் விசாரித்துக் கடிதம் தொடங்கும் நிலையில் நான் இல்லை. எனக்குக் கோபம். இரண்டு மாதமாக இருக்கிற கோபம். போனில் நீ "அம்மா" என்றவுடன் நான் அதை விட்டுவிட்டு "சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது உன் குரல் குறுக்கே வராது. இந்தக் கடிதத்தை நான் ஒட்டி மூடப் போவதும் இல்லை. வெள்ளவத்தையில் நம் ஒழுங்கையில் எத்தனையோ வீடுகளில் அம்மாமார் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் போனுக்குள் இருக்கிறார்கள். யாராவது கேட்டால் வாசிக்கக் கொடுப்பேன்.

உனக்குத் தையில் கல்யாணம். மார்கழிக் கடைசியில் கார்ட் கொடுக்க நான் யாழ்ப்பாணம் போனேன். மெல்பேர்ணிலிருந்து வந்திருந்த நீ, ஹோல் வேலை இருக்கிறது, உடுப்பு வேலை இருக்கிறது என்று என்னோடு வரவில்லை. ஆறு நாள் வீடு வீடாக ஏறி இறங்கி, கால் வீங்கி, விடியற்காலையில் காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். கேற்றைத் திறந்ததும் வேறு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டேன் என்று நினைத்துப் இரண்டடி பின்னுக்குப் போய் வீட்டு இலக்கத்தைப் பார்த்தேன். சுவரோரத்தில் அலரி இல்லை. போகன்வில்லா இரண்டும் இல்லை. கற்றாழை, மருள், பட்டிப்பூ, தரையெல்லாம் படர்ந்து கிடந்த அடம்பன் கொடி, ஒன்றும் இல்லை. முருங்கையைக்கூட வெட்டியிருந்தாய். பச்சைக் கம்பளம் மாதிரிப் புல். அதன் ஓரத்தில் சட்டி சட்டியாக ரோசாவும் அந்தூரியமும். நீ படியில் நின்று கையை விரித்துச் சிரித்தாய்.

"சப்ரைஸ் அம்மா! எப்பிடி?"

"எங்கடா என்ர கண்டுகள்?"

"அதுகளை லொறியில ஏத்தி அனுப்பியாச்சு. பொம்பிளை வீட்டுக்காரர் கிருலப்பனையில இருந்து வரேக்க பாத்தா, ஆளில்லாத வீடு மாதிரிக் கிடக்கு. எனக்கு வெக்கமா இருந்தது."

வெட்கம் என்றாய். நான் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டேன். அதுதான் நான் செய்த முதல் பிழை. அன்றைக்கே நான் கத்தியிருக்க வேண்டும். கல்யாண வீடு, நல்ல காரியம், வாயைத் திறக்காதே என்று என்னையே அடக்கினேன். மூன்று கிழமை அந்தப் புல்லில் நின்று படத்துக்குச் சிரித்தேன். உன் கல்யாண அல்பத்தில் நான் சிரிக்கிற ஒவ்வொரு படத்திலும் என் காலுக்குக் கீழே என் தோட்டத்தின் பிணம் கிடக்கிறது. இப்படி எழுதுவது கொடூரமாக இருக்கிறதா? இருக்கட்டும்.

மெல்பேர்ணில் நீ வீடு வாங்கியபோது எனக்கு அனுப்பிய படங்களை நேற்றுத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு முன்னால் வெண்கல் கொட்டியிருக்கிறாய். நடுவில் சாம்பல் நிற இலையோடு பற்றை பற்றையாகச் செடிகள். ஒரு புல் இல்லை. "அம்மா, இஞ்ச தண்ணிக்குக் கட்டுப்பாடு. இதுகள் வறட்சியைத் தாங்கும். இதுதான் இப்ப ஸ்டைல்" என்று பெருமையாகச் சொன்னாய். அங்கே அது ஸ்டைல். அதையே நான் இங்கே இருபத்தெட்டு வருடமாகச் செய்தால் ஆளில்லாத வீடு. அந்த நாட்டில் உனக்கு இருக்கிற புத்தி, விமானத்தால் இறங்கி இந்த ஒழுங்கைக்குள் வரும்போது எங்கே போகிறது?

அந்தத் தோட்டம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கப்பட்டேன். என் வெட்கம் வேறு மாதிரியானது. இப்போது சொல்கிறேன்.

உனக்கு ஐந்து வயது. அந்த வருடம் தையில் நின்ற மழை சித்திரை வரை வரவில்லை. குழாயில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் நூல் மாதிரித் தண்ணீர் வரும். நமக்கும் பின்வீட்டுக்கும் நடு மதிலுக்குக் கீழே இருக்கிற பங்குக் கிணறுதான் கதி. அந்த வீட்டுக்குத்தான் அப்போது மெட்டில்டா கொட்டாஞ்சேனையிலிருந்து புதிதாகக் குடிவந்திருந்தாள். அவள் புருஷன் பெர்னாட்டுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. கையில் ஒரு மாதப் பெண் குழந்தை. அவர்களிடம் பம்ப் கிடையாது, வாளியும் கயிறும்தான். என்னிடம் பம்ப் இருந்தது. ரோசாவும் இருந்தது. நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்து வைத்த ஒன்பது ரோசாக்கள். கந்தோரில் எல்லோருக்கும் அதைப் பற்றியே கதைப்பேன். தினமும் காலையில் பம்பைப் போட்டு அவற்றைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

ஒரு நாள் காலை மெட்டில்டா வாளியோடு முன் கேற்றுக்கு வந்தாள். கிணற்றில் சேறுதான் வருகிறது என்றாள்.

"அக்கா, ரெண்டு வாளித் தண்ணி தருவீங்களா? பிள்ளையக் கழுவணும்."

"எங்களுக்கே இல்லை" என்றேன் நான்.

எனக்குப் பின்னால் ரோசா இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மண் கறுத்து ஈரமாக இருந்தது. அவள் என்னைத் தாண்டி அதைப் பார்த்தாள். அதட்டவில்லை, திட்டவில்லை. "சரியக்கா. ரோசா வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெறும் வாளியோடு திரும்பிப் போனாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. கந்தோருக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்தேன். கேட்கிறாயா? உன் அம்மா இப்படிப்பட்டவளாகவும் இருந்திருக்கிறாள்.

அடுத்த நாள் நான் பம்பைப் போடவில்லை. அதற்கு அடுத்த நாளும் போடவில்லை. பத்து நாளில் ரோசா ஒன்பதும் போய்விட்டன. உன் அப்பா காரணம் கேட்டார், பூச்சி என்று சொன்னேன். அதன் பிறகு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் வேறு கண்ணோடு நடந்தேன். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடங்களில் எது உயிரோடு நிற்கிறது என்று பார்த்தேன். றெயில் பாதையோரம், ஸ்டேஷன் மேடைக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த வீடுகளின் மதில், கடற்கரைக் கல் இடுக்கு. பங்குனி வெயிலில் பச்சையாக நிற்பது எதுவோ அதிலிருந்து ஒரு துண்டு முறித்துக்கொண்டு வருவேன். செடி தேர்ந்தெடுக்கக் கடைக்குப் போகாதே, முதலில் தெருவுக்குப் போ. இதை உனக்கு நான் அப்போதே சொல்லித் தந்திருக்க வேண்டும்.

எல்லாமே சரிவரவில்லை. தொடக்கத்தில் வறட்சி என்றால் கள்ளிதான் என்று நினைத்து, விதவிதமான கள்ளி வாங்கி வைத்தேன். வைகாசி மழையில் அத்தனையும் அழுகிக் கஞ்சி மாதிரிப் போயின. கொழும்பில் மூன்று மாதம் வெயிலைத் தாங்குகிற செடி, அடுத்த மாதம் முழங்கால் வெள்ளத்தையும் தாங்க வேண்டும். அதோடு கடற்காற்று. வெயிலில் வாடாத எத்தனையோ செடிகள் உப்புக் காற்றில் ஒரே கிழமையில் இலை கருகிப் போயின. அப்படிப் போகப் போகத்தான் தெரிந்தது. இலை தடிப்பாக, மெழுகு பூசின மாதிரி இருந்தால் நல்லது. சாம்பல் பூத்த இலையும் நல்லது. பெரிய மெல்லிய இலை என்றால் ஆசைப்படாதே. போகன்வில்லாவுக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறதோ அவ்வளவு பூக்கும். பட்டிப்பூ தானே விழுந்து தானே முளைக்கும். புல்லுக்குப் பதிலாக அடம்பன் கொடியைக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்து விட்டேன், அது மணலையும் பிடித்துக்கொண்டது, ஊதாப் பூவும் தந்தது. அலரி மட்டும் நீ பெரியவனாகும் வரை வைக்கவில்லை. அதன் பால் நஞ்சு, நீ எதையும் வாயில் வைக்கிற பிள்ளை. உனக்குப் பதினாலு வயதான பிறகுதான் அந்த அலரியை நட்டேன். நீ லொறியில் ஏற்றி அனுப்பினது அதைத்தான்.

வறட்சியைத் தாங்குகிற செடி என்றால் தண்ணீரே கேட்காது என்று நினைக்காதே. முதல் வருடம் அதற்கும் வேண்டும். ஐப்பசி மழையோடு நடு, அப்போதுதான் வெயில் வருவதற்குள் வேர் கீழே இறங்கும். குழிக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கவிழ்த்துப் புதைத்துவிட்டு அதன் மேல் நடு, அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே படுத்துவிடும், ஒரு நாள் தவறினால் செத்துவிடும். கிழமைக்கு ஒரு தரம் நிறைய ஊற்று, பிறகு மாதத்துக்கு ஒரு தரம், பிறகு விட்டுவிடு. என் தோட்டத்துக்குக் கடைசிப் பதினைந்து வருடமாக நான் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளிகூட ஊற்றவில்லை. அரிசி கழுவின தண்ணீர்தான். கிணறு மெட்டில்டா வீட்டுக்கு நிறையக் கிடைத்தது. நான் அவளிடம் வாயால் மன்னிப்புக் கேட்கவில்லை. தோட்டத்தால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அது கோழைத்தனம். அதுவும் என் பிழைதான்.

இனி மாசி மாதக் கதைக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் மெல்பேர்ண் போய்ச் சேர்ந்தீர்கள். போவதற்கு முதல் நீ புல்லுக்குள் தண்ணீர் விசிறுகிற குழாய் பதித்து, கிணற்றில் புதுப் பம்ப் இறக்கி, அதை உன் போனோடு இணைத்துவிட்டாய். "அம்மா, நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல. நான் அங்க இருந்தே போடுவன்" என்றாய். போட்டாய். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். வீட்டுக் குழாயில் தண்ணீர் குறைந்தது. கிணறு இறங்கியது. நான் எட்டிப் பார்த்துவிட்டு உனக்குச் சொன்னேன்.

"தம்பி, கிணறு வத்துது. நிப்பாட்டு."

"அம்மா, இப்ப விட்டா புல்லு முழுக்கப் போயிடும். கமராவில பாக்கிறன், இடப்பக்கம் பழுக்கத் தொடங்கீட்டுது. இன்னும் ரெண்டு கிழமை பாப்பம். மழை வரும்."

மழை வரவில்லை. நான் பம்பின் வயரைக் கழற்றினேன். பத்து நிமிடத்தில் போன் அடித்தாய், வைபை போய்விட்டதா என்று கேட்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஓம் தம்பி, கரண்ட் போய் வந்தது" என்று பொய் சொல்லிவிட்டு வயரைத் திரும்பச் செருகினேன். அறுபத்தேழு வயதுப் பெண், என் வீட்டுப் பம்பை நிறுத்த, நான் பெற்ற பிள்ளைக்குப் பயந்தேன். நீ கோபித்துக்கொண்டு போன் எடுக்காமல் விட்டுவிடுவாயோ என்று பயந்தேன். மெல்பேர்ணிலிருந்து நீ விரலால் தொட்டுத் திறந்தாய், இங்கே நான் வயரைச் செருகிக் கொடுத்தேன். இந்தப் பாவத்தில் பாதி எனக்கு.

கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாகத்தான் நிற்கும். அளவோடு அள்ளினால் கடல் தன் இடத்தில் நிற்கும். நீ அளவில்லாமல் அள்ளினாய். கடல் கிணற்றுக்குள் வந்துவிட்டது.

பெர்னாட் அங்கிள் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார் என்று உனக்குத் தெரியும். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் அவரைப் பார்க்கப் போய், இரண்டு நிமிடம் நின்று, கையைப் பிடித்துவிட்டு வந்தாய். அவருக்கு முதுகில் படுக்கைப் புண். மெட்டில்டா தினமும் காலையில் கிணற்றுத் தண்ணீரைச் சுட வைத்து, ஆற வைத்து, துணியால் துடைத்துத்தான் மருந்து போடுவாள். ஒரு நாள் காலை நான் குசினியில் நிற்கிறேன். பின்வீட்டிலிருந்து ஒரு சத்தம். பேச முடியாத மனிதனின் சத்தம் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை கேட்டதில்லை. மாடு அலறுகிற மாதிரி. நான் ஓடினேன். மெட்டில்டா துணியைக் கையில் பிடித்தபடி திகைத்துப் போய் நிற்கிறாள். அவருடைய நல்ல கை கட்டிலின் விளிம்பை அடித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடுகிறது.

"என்னன்னு தெரியல அக்கா, தண்ணி பட்டதும் இப்பிடித் துடிக்கிறார்" என்றாள்.

நான் சட்டிக்குள் விரலை வைத்து நாக்கில் வைத்தேன். உப்பு. வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த நேரத்தில் மதிலுக்கு இந்தப் பக்கம் பம்ப் உறுமத் தொடங்கியது. நீ போட்டாய். உன் புல்லில் தண்ணீர் விசிறுகிற சத்தம் அந்தக் கட்டில் வரைக்கும் கேட்டது.

நான் திரும்பி ஓடி வந்து வயரை வெட்டினேன். கழற்றவில்லை, வெட்டினேன். நீ போனில் கேட்டபோது பம்ப் பழுது என்று மட்டும் சொன்னேன். மேல் தண்ணீர்த் தாங்கியில் இருந்த நல்ல குழாய்த் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புண்ணை நல்ல தண்ணீரால் துடைத்தோம், டொக்டர் வந்தார், மருந்தை மாற்றினார். பத்து நாளாக அவர் துணியைக் கண்டாலே கையால் தட்டிவிட்டார். இப்போதுதான் கொஞ்சம் ஆறி வருகிறது. உனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா தவறிய பிறகு, அந்த மனிதன்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கப்பல் காட்டியவர். தன் கிரேனுக்கு மேலே ஏற்றி இருத்திவைத்தவர். நீ வீட்டுக்கு வந்து மூன்று நாள் அதையே கதைத்தாய்.

அன்றைக்குப் பின்னேரம் நான் மெட்டில்டாவின் குசினியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். புல், பம்ப், போன், நான் திரும்பச் செருகின வயர். அதோடு அந்த ஒன்பது ரோசாவையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ரோசாவ நான் மறக்கல்ல அக்கா. நீங்களும் மறக்கல்லன்னு எனக்குத் தெரியும். நீங்க கிணத்துப் பக்கமே வராம இருந்தீங்களே இத்தன வருசம்."

"என்னை மன்னிச்சிடு மெட்டில்டா. பிள்ளைக்காகவும் கேக்கிறன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்காகக் கேளுங்க. அது எப்பவோ முடிஞ்சுபோச்சு. பிள்ளைக்காக நீங்க கேக்காதீங்க. அவன் சின்னப் பிள்ளையா? அவனே கேக்கட்டும்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் புல் வேலைக்கு உன் மனைவிதான் காரணம் என்று நான் மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். போனில் அவளோடு இரண்டு தரம் வெடுக்கென்று கதைத்தேன். போன கிழமை அவளாகவே எடுத்தாள். "மாமி, எனக்கு உங்கட பழைய தோட்டந்தான் பிடிச்சிருந்தது. மாப்பிள்ளை வீடு பாக்க வந்த அண்டைக்கு அந்த ஊதாப் பூவைப் பாத்து அம்மாவிட்டச் சொன்னனான். இவர் இப்பிடிச் செய்வார் எண்டு எனக்குத் தெரியாது" என்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய வீட்டார் வெட்கப்படவில்லை. வெட்கம் முழுக்க உன்னுடையது. நீ பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றி, என்னைப் பற்றி, நீயே உண்டாக்கிக்கொண்ட வெட்கம்.

இப்போது முற்றத்தில் வைக்கோல் நிறத்தில் உன் புல் கிடக்கிறது. தோட்டக்காரனை அனுப்புகிறேன் என்று சொல்லாதே. போர் அடித்துத் தருகிறேன் என்று சொல்லாதே, ஆழமாகத் தோண்டினால் இன்னும் உப்புத்தான் வரும். மெட்டில்டா வீட்டுக்குத் தண்ணீர் பவுசர் லொறி அனுப்புகிறேன் என்றும் சொல்லாதே. நீ அனுப்புகிற எதுவும் இப்போது இந்தக் கேற்றைத் தாண்டி உள்ளே வராது. காலையில் வெயில் ஏறுவதற்கு முதல் நான் குந்தியிருந்து ஒரு பாயளவு புல்லைப் பிடுங்குகிறேன். முழங்கால் வலிக்கிறது. மழை வரும்போது கிணறு மெல்ல மெல்லத் தேறும் என்கிறார்கள், எத்தனை மழை வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசியில் நான் திரும்ப நடுவேன். அதற்கு உன் உதவி வேண்டாம்.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மெட்டில்டா அன்ரி காலை பத்து மணிக்கு அங்கிளுக்கு மருந்து கட்டி முடித்துவிட்டு வாசலில் வந்து உட்காருவாள். அப்போது எடு. நம்பர் மாறவில்லை. "எப்பிடி இருக்கிறீங்கள் அன்ரி" என்று தொடங்காதே. நீ என்ன செய்தாய் என்று சொல். புல்லுக்காகச் செய்தேன் என்று சொல். அம்மா நிறுத்தச் சொன்னபோது நிறுத்தவில்லை என்று சொல். அவள் திட்டினால் கேட்டுக்கொள். பிறகு போனை அங்கிளின் காதில் வைக்கச் சொல். அவரால் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்ல முடியாது, "பரவாயில்லை மகன்" என்று சொல்லி உன்னைக் காப்பாற்றவும் முடியாது. அந்த அமைதிக்குள் நீ முழுவதையும் சொல்லி முடிக்க வேண்டும்.

அதைச் செய்துவிட்டு எனக்கு எடு. அதற்கு முதல் எடுத்தால் நான் எடுக்க மாட்டேன்.

அம்மா